பேண்ட்ரோல் ஒட்டாத பெட்டி

ஆமத்தூர் தங்கத்தாயின் தீப்பெட்டிக் கம்பெனியில் ஆடி முதல் நாள் செய்யும் வேலைக்குக் கூலி கிடையாது. யாரும் கேட்பதும் இல்லை. அன்று இருபத்திரண்டு பெண்களும் தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு வந்து உட்காருவார்கள். வாயில் வெற்றிலை இருக்காது. மற்ற நாட்களில் கட்டை என்கிற மரச்சட்டத்தில் குச்சி அடுக்கிக்கொண்டே ஊர்க்கதையெல்லாம் அளக்கிறவர்கள் அன்று பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். அன்றைக்கு அடுக்கி, மருந்து முக்கி, காயவைத்து அடைக்கிற பெட்டிகளில் ஒரு குரோஸ், அதாவது நூற்று நாற்பத்து நான்கு பெட்டி, இருக்கன்குடி மாரியம்மனுக்கு. ஆடிக் கடைசி வெள்ளியன்று அதை வண்டியில் கொண்டுபோய்க் கோயில் வாசலில் வைத்துக்கொண்டு தங்கத்தாய் உட்காருவாள். மாவிளக்கு ஏற்ற வருகிற பெண்களுக்கு ஆளுக்கொரு பெட்டி கொடுப்பாள். காசு வாங்க மாட்டாள்.

புருஷன் மாரிசாமி உயிரோடு இருந்தபோது நேர்ந்துகொண்டது அது. கம்பெனி ஆரம்பித்த வருஷமே மருந்து அறையில் தீப்பிடித்துக் கூரை முழுக்க எரிந்து விழுந்தது. உள்ளே இருந்த மூன்று பெண்களும் ஒரு முடிகூடக் கருகாமல் வெளியே வந்தார்கள். மாரிசாமி சாம்பலில் நின்றபடியே இருக்கன்குடி இருக்கும் தெற்குத் திசையைப் பார்த்துக் கும்பிட்டான். அவன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகும் தங்கத்தாய் அந்த நேர்ச்சையை விடவில்லை.

தீப்பெட்டிக்குச் சர்க்கார் வரி உண்டு. வரி கட்டியதற்கு அடையாளம், ஒரு விரல் அகலத்தில் ஒரு காகிதப் பட்டை. அதற்குப் பேண்ட்ரோல் என்று பெயர். அதைப் பெட்டியின் குறுக்கே ஒட்டாமல் ஒரு பெட்டிகூடக் கம்பெனி வாசலைத் தாண்டக் கூடாது. வாங்கினவன் அந்தப் பட்டையைக் கிழித்துத்தான் பெட்டியைத் திறக்க முடியும். தங்கத்தாய் இதில் ஒரு நாளும் பிசகினவள் இல்லை. ஆனால் அம்மனுக்குப் போகிற பெட்டிகளில் மட்டும் அவள் பேண்ட்ரோல் ஒட்டவில்லை. ஒட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. கூலி வாங்காமல் செய்த வேலை, விலைக்கு விற்காத பெட்டி; இதற்கு யார் யாருக்கு வரி கட்டுவது?

“ஆத்தா என்ன கடையா வச்சிருக்கா, வரி கட்ட?” என்று கேட்டுச் சிரிப்பாள் குருவம்மாள். அவள்தான் அந்த இருபத்திரண்டு பேருக்கும் மேஸ்திரி மாதிரி.

ஐம்பத்தேழாம் வருஷம் ஆடிக் கடைசி வெள்ளியன்று, சாத்தூருக்கு முன்னால், கலால் இலாகா ஜீப் ஒன்று அவர்கள் வண்டியை மறித்தது. மேலே போர்த்தியிருந்த மஞ்சள் துணியை இன்ஸ்பெக்டர் விலக்கிப் பார்த்தார்.

“என்னம்மா இது? ஒரு பெட்டியிலயும் பேண்ட்ரோலைக் காணோமே?”

“கோயிலுக்குங்க” என்றாள் தங்கத்தாய். அவளுக்கு அது போதுமான பதிலாகவே பட்டது.

“எங்க போனா என்ன? கம்பெனியை விட்டு வந்துருச்சுல்ல?”

“ஐயா, ஆத்தா வாசல்ல வைக்கப் போறதை மறிக்கீகளே, நல்லாயிருக்கா?” என்று குருவம்மாள் வண்டியிலிருந்தே குரல் கொடுத்தாள். தங்கத்தாய் அவள் கையைப் பிடித்து அடக்கினாள். இன்ஸ்பெக்டரும் கோபக்காரர் அல்ல. தாளில் எழுதி, கையெழுத்து வாங்கி, பெட்டிகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அந்த வருஷம் தங்கத்தாய் கோயில் வாசலில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள்.

அப்புறம் இரண்டு மாதம் ஒரு தகவலும் இல்லை. ஐப்பசியில் ரிஜிஸ்தர் தபால் ஒன்று வந்தது. முழுக்க இங்கிலீஷ். விருதுநகர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் இருந்த வக்கீல் லட்சுமிகாந்தத்திடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் அறுபது வயதுக்காரர். மூக்குப்பொடி போடாமல் ஒரு வாக்கியத்தை முடிக்க மாட்டார். படித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“உங்க லைசன்ஸை ரத்து பண்ணிட்டாங்கம்மா.”

கம்பெனிக் கதவுக்குப் பூட்டும், பூட்டுக்கு அரக்கு முத்திரையும் வந்தன. லட்சுமிகாந்தம் மேலதிகாரிக்கு ஒரு அப்பீல் எழுதிப் போட்டார். அது மார்கழியில் இரண்டே வரியில் தள்ளுபடியாகி, ஆபீஸ் குறிப்பு ஒன்றின் நகலோடு திரும்பி வந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் வக்கீல் முதன்முதலாக அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“ரத்து பண்றதுக்கு முந்தி, ‘என்ன சொல்றே’ன்னு கேட்டு உங்களுக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பியிருக்காங்க. நீங்க அதை வாங்க மறுத்துட்டீங்கன்னு இதுல இருக்கு. ஏன் மறுத்தீங்க?”

“நோட்டீஸா? எனக்கு ஒண்ணும் வரலையே ஐயா.”

“பியூன் சோணைமுத்து, செப்டம்பர் இருபத்தாறு, வியாழக்கிழமை நேரில் கொடுத்தார், அம்மாள் வாங்க மறுத்துவிட்டார். இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கான்.”

தங்கத்தாய் யோசித்தாள். புரட்டாசி, வியாழக்கிழமை. சோணைமுத்து என்ற பெயரும், அந்தப் பகல் முழுவதும், அவளுக்கு நினைவுக்கு வந்துவிட்டன.

அன்று வெயில் கொளுத்தியது. கலால் ஆபீஸ் பியூன் ஒருவன் காற்றுப்போன சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, கம்பெனி வாசலில் இருந்த வேப்பமரத்தடியில் அப்படியே சரிந்துவிட்டான். பெண்கள் மதியக் கஞ்சிக்கு உட்கார்ந்திருந்த நேரம். தங்கத்தாய் ஓடிப்போய் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினாள். கொட்டகைக்குள் கூட்டி வந்து, பெண்கள் உட்கார்ந்திருந்த வரிசையிலேயே இடம் ஒதுக்கி, கும்பாவில் கம்மங்கூழும் மோர்மிளகாயும் வைத்தாள். அவன் உட்காரத் தயங்கினான். “என் பேரு சோணைமுத்து, காலனிக்காரன்மா” என்று மெல்லச் சொன்னான். “அதனால பசிக்காதா? உக்காரு” என்றாள் அவள். இரண்டு கும்பா குடித்தான். கை கழுவிவிட்டுக் கொஞ்ச நேரம் தோள்பையைத் தடவிக்கொண்டு நின்றான். “எதுக்குத் தம்பி வந்தே?” என்று கேட்டதற்கு, “சும்மா… இந்தப் பக்கம் வந்தேன்” என்றான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

இதை அவள் சொல்லச் சொல்ல லட்சுமிகாந்தத்தின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

“அப்போ பொய்க் கையெழுத்து! அம்மா, உங்க கேஸ் பிழைச்சுது. ஹைக்கோர்ட்டுல ரிட் மனு போடுவோம்.”

“அப்படின்னா?”

“சர்க்கார் ஆபீஸே தப்பு பண்ணினா, அந்த ஆபீஸையே மெட்ராஸ் ஹைக்கோர்ட்டுல நிறுத்திக் கேக்கலாம்.”

“சர்க்காரைப் போய் யாரு கேக்குறது?”

“நீங்கதான். மனுதாரர் தங்கத்தாய். எதிர் மனுதாரர் கலால் சூப்பரிண்டெண்டு.”

தங்கத்தாய்க்கு அதைக் கேட்கவே கூச்சமாக இருந்தது. “பெட்டியில பேண்ட்ரோல் ஒட்டாதது நெசந்தானே ஐயா. அதுக்கு என்ன சொல்லுவேன்?”

“அதைக் கோர்ட்டு கேக்காது. பெட்டி சரியா தப்பாங்கிறது ஆபீஸ் விஷயம். கோர்ட்டு ஒண்ணே ஒண்ணுதான் பாக்கும். இந்த அம்மாவைத் தண்டிக்கிறதுக்கு முன்னால, ‘நீ என்ன சொல்றே’ன்னு கேட்டியா, இல்லையா? ஒருத்தரைக் கேக்காம அவர் தலையில கை வைக்கக் கூடாது. அம்புட்டுதான் நம்ம கேஸ்.”

அந்த வார்த்தை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு முறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வக்கீல் அதற்குள் தாளை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

“மேற்படி பியூன் சோணைமுத்து, நோட்டீஸைக் கொடுக்காமலே கொடுத்ததாகப் பொய்யாக எழுதி…”

“ஐயா, அவனைக் கேட்டீகளா?”

“யாரை?”

“சோணைமுத்துவை.”

“அவனை எதுக்கும்மா கேக்கணும்? அவன் எதிர்க்கட்சி ஆள்.”

“இதைக் கோர்ட்டுல குடுத்தா அவனுக்கு என்ன ஆகும்?”

வக்கீல் பொடி டப்பாவைத் திறந்தார். “வேலை போகும். வேற என்ன?”

தங்கத்தாய் விடவில்லை. “என்னைக் கேக்காமத் தண்டிச்சுட்டாகன்னு நான் மனுப் போடப் போறேன். அந்த மனுவுலயே அவனைக் கேக்காம அவன் பொழப்புல கை வச்சா, அது நல்லாயிருக்குமா ஐயா?”

லட்சுமிகாந்தம் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். பிறகு விரலில் எடுத்த பொடியை டப்பாவிலேயே திரும்பப் போட்டுவிட்டார். முப்பத்தைந்து வருஷ வக்கீல் தொழிலில் அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

“வர்ற வெள்ளிக்கிழமை வரைக்கும் தாரேன். அதுக்கு மேல தள்ளினா நமக்குத்தான் கெடுதல்” என்றார்.

ஊருக்குத் திரும்பியபோது குருவம்மாள் பஸ் நிற்கும் இடத்திலேயே காத்திருந்தாள். பூட்டு விழுந்த நாளிலிருந்து அவளும் மற்றப் பெண்களும் சிவகாசியில் ஒரு பெரிய கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். விடியுமுன் கிளம்பினால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு. கைப்பிள்ளைக்காரி இரண்டு பேர் வேலையை விட்டு நின்றேவிட்டார்கள். அன்று சிவகாசியில் விடுமுறை.

“கையெழுத்துப் போட்டாச்சாக்கா?”

தங்கத்தாய் நடந்ததைச் சொன்னாள். குருவம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது.

“நல்ல கூத்துக்கா இது! கூழையும் குடிச்சுப்புட்டு, பொய்யும் எழுதினவன் மேல பாவம் பாக்கீக. இங்கன இருவத்திரண்டு பேர் அடுப்பு அணைஞ்சு கெடக்கே, எங்க மேல பாவமில்லையா?”

“பாவந்தாண்டி.”

“பின்ன? ஒரு வரி. பொய் எழுதினான்னு ஒரே ஒரு வரி. உள்ளதைத்தானே சொல்லப் போறீக?”

“உள்ளதைத்தான் சொல்லப் போறேன். அவன் மொகத்தப் பாத்துச் சொல்லிட்டு, அப்புறம் கோர்ட்டுக்குச் சொல்றேன்.”

“ஆமா, போய் வெத்தலை பாக்கு வச்சுச் சொல்லிட்டு வாங்க” என்று குருவம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு முன்னால் நடந்தாள். பத்தடி போய் நின்று, “நாளைக்கு நானும் வாரேன். ஒத்தையில போகாதீக” என்றாள்.

“நீ வந்தா அவன் பேச மாட்டான். ஓடிருவான்” என்றாள் தங்கத்தாய். அந்த மாதத்தில் இருவரும் சிரித்தது அப்போதுதான்.

சோணைமுத்துவின் வீடு விருதுநகர் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், ஓலை வேய்ந்த ஒற்றை அறை. ஞாயிற்றுக்கிழமை. அவன் வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டுச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். தங்கத்தாயைப் பார்த்ததும் எண்ணெய்க் கையோடு எழுந்து நின்றான். எதற்கு வந்திருக்கிறாள் என்று கேட்கவில்லை. உள்ளேயிருந்து அவன் மனைவி இருளம்மாள் நிறைமாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

“தம்பி, அன்னைக்கு நீ ஒரு நோட்டீஸ் கொண்டாந்தியா?”

“ஆமாம்மா.”

“நான் வேண்டாம்னு சொன்னேனா?”

அவன் தலை கவிழ்ந்தது. “இல்லம்மா.”

“பின்ன ஏன்பா அப்படி எழுதினே?”

சோணைமுத்து எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

“எங்க ஆபீஸ்ல தண்ணிப் பானையைக்கூட நான் தொட மாட்டேன்மா. ஒருத்தர் ஊத்தினா ஏந்திக் குடிப்பேன். நீங்க வரிசையில உக்கார வச்சீக. ரெண்டாந்தடவை கேக்காமலே ஊத்துனீக. அதைக் குடிச்ச கையால அந்தத் தாளை எடுத்து உங்க கையில எப்படிம்மா குடுக்க? அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். லைசன்ஸ் போகப் போற தாளு.”

“அதுக்கு?”

“வாங்க மாட்டேன்னுட்டாகன்னு எழுதினா, மறுபடி தபால்ல அனுப்புவாக. அப்படித்தான் வழக்கம். கெட்ட சேதியைத் தபால்காரன் குடுத்துக்கிடட்டும், எங்கையால வேண்டாம்னு நெனச்சேன்மா. இந்தத் தடவை தபால்ல அனுப்பலை. நேரே ரத்து பண்ணிட்டாக. அன்னைலருந்து…”

“அன்னைலருந்து இவுக ஒழுங்காச் சோறு திங்கல” என்று இருளம்மாள் உள்ளிருந்து சொன்னாள்.

தங்கத்தாய்க்குக் கோபம் வரவில்லை. தன் கையால் ஊற்றிய கூழே தன் கம்பெனிக் கதவைப் பூட்டியிருக்கிறது என்று நினைத்ததும் சிரிப்புக்கூட வந்தது. “ஏலே மடையா! என்னமாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்றாள். ஒரு தாய் சொல்கிற மாதிரிதான் அது வெளியே வந்தது.

“நாங்க கோர்ட்டுக்குப் போறோம்பா. நோட்டீஸ் எனக்கு வரலைன்னு எழுதணும். எழுதினா உன் கையெழுத்து பொய்யாயிரும். அதான் ஒன்னையக் கேக்காம எழுத வேண்டாம்னு வந்தேன்.”

“தை மாசம் என்னைப் பெர்மனென்ட் ஆக்கணும்மா. அஞ்சு வருஷமாத் தற்காலிகம்.” அவன் சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற மனைவியைப் பார்த்தான். எழுதாதீர்கள் என்று அவன் வாய் கேட்கவில்லை.

இருபத்திரண்டு அடுப்பையும் தங்கத்தாய் பார்த்திருக்கிறாள். இந்த ஒரு அடுப்பையும் இப்போது பார்த்துவிட்டாள். எது பெரிது என்று நிறுத்துப் பார்க்க மனிதரிடம் தராசு இல்லை. “வெள்ளிக்கிழமைதான் கையெழுத்து. அதுக்குள்ள நீ யோசி. நானும் ஆத்தாகிட்ட கேட்டுக்கிடுறேன்” என்று சொல்லிப் புறப்பட்டாள்.

இருளம்மாள் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். கொடுக்கலாமா வேண்டாமா என்று வாசற்படியிலேயே நின்றாள். தங்கத்தாய் இரண்டடி உள்ளே போய்ச் செம்பை வாங்கி, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.

“பேறுகாலத்துக்கு ஆளிருக்கா தாயி?”

“எங்க அம்மா வருவாக.”

“நல்லாயிரு.”

வெள்ளிக்கிழமை காலை தங்கத்தாய் வக்கீல் வீட்டுக்குப் போனபோது சோணைமுத்து அங்கே நின்றுகொண்டிருந்தான். காக்கிச் சட்டை இருந்தது. மார்பின் குறுக்கே போட்டிருக்கும் டவாலியைக் காணோம்.

“நேத்து சூப்பரிண்டெண்டு ஐயாகிட்டச் சொல்லிட்டேன்மா.”

“என்னன்னு?”

“உள்ளதை. நோட்டீஸை நான் குடுக்கலைன்னு. ஏன் குடுக்கலைங்கிறதையும் சொன்னேன்.”

“அவுக என்ன சொன்னாக?”

“கண்ணாடியைக் கழட்டி மேசையில வச்சாக. அப்புறம், ‘இதை எழுதிக் குடுப்பியா’ன்னாக. குடுத்தேன். டவாலியைக் கழட்டி வச்சுட்டு வீட்டுல இருன்னுட்டாக.”

“அப்போ அந்த ஐயாவே உத்தரவை மாத்திறலாமே?” என்று தங்கத்தாய் ஆசையோடு வக்கீலைப் பார்த்தாள்.

“முடியாதும்மா. மேலதிகாரி உறுதி பண்ணினதைக் கீழே இருக்கறவர் மாத்த முடியாது. கோர்ட்டுதான் மாத்தணும். ஆனா அவர் ஆள் மூலமா ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கார். கோர்ட்டுல பொய் சொல்ல மாட்டாராம்.” லட்சுமிகாந்தம் தாளை எடுத்தார். எடுக்குமுன் சோணைமுத்துவை அழைத்து ஒரு நாற்காலியைக் காட்டினார். அவன் உட்காரவில்லை. காப்பியை மட்டும் வாங்கிக்கொண்டான்.

“சொல்லுங்கம்மா. எப்படி எழுதணும்?”

தங்கத்தாய் மடியில் கையைக் கட்டிக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிறவள் போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். “நோட்டீஸ் கொண்டாந்தவர் வெயில்ல மயங்கி வந்தார். எங்ககூட உக்காந்து கூழ் குடிச்சார். குடுக்க மனசு வராமப் போயிட்டார். நான் வேண்டாம்னு சொல்லலை. அவரும் கெடுதல் நெனைக்கலை.”

“கடைசி வரி கோர்ட்டுக்கு வேண்டாததும்மா.”

“எனக்கு வேணும் ஐயா.”

வக்கீல் அதையும் இங்கிலீஷில் எழுதினார். அவள் தமிழில் கையெழுத்துப் போட்டாள்.

பங்குனியில் மெட்ராசில் விசாரணை வந்தது. வக்கீலோடும் குருவம்மாளோடும் தங்கத்தாய் ரயிலேறினாள். சிவப்புக் கட்டடத்தையும் அதன் தலையில் இருந்த கலங்கரை விளக்கத்தையும் பார்த்ததும் குருவம்மாள் கோபுரத்துக்குக் கும்பிடுவதுபோல் கும்பிட்டாள். தங்கத்தாய் முந்தானையில் ஒரு தீப்பெட்டியை முடிந்து கொண்டுவந்திருந்தாள். நீதிபதி கேட்டால் காட்டுவதற்கு.

யாரும் கேட்கவில்லை. மெட்ராஸ் வக்கீல் ஒருவர் எழுந்து ஏதோ சொன்னார். சர்க்கார் வக்கீல் எழுந்து அதைவிடக் குறைவாகச் சொன்னார். நீதிபதி தாள்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்று, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். வக்கீல் திரும்பித் தங்கத்தாயைக் கை காட்டினார். நீதிபதி அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் எழுதும்படி ஏதோ சொன்னார். வேறு கேஸை அழைத்துவிட்டார்கள்.

“எப்போ ஐயா ஆரம்பிப்பாக?” என்று வெளியே வந்ததும் குருவம்மாள் கேட்டாள்.

“முடிஞ்சு போச்சும்மா. ஜெயிச்சாச்சு! ரத்து பண்ணின உத்தரவு செல்லாது. உங்களைக் கூப்பிட்டுக் கேட்டுட்டு, அப்புறம் புதுசா முடிவு பண்ணணும்.”

“பெட்டியைப் பத்தி ஒண்ணும் கேக்கலையா?” தங்கத்தாய் முந்தானை முடிச்சைத் தொட்டுக்கொண்டாள்.

“அதான் சொன்னேனே, அது அவங்க வேலை இல்லைன்னு.”

“என்னையக் கை காட்டினாகளே, அது எதுக்கு?”

லட்சுமிகாந்தம் பைக்குள்ளிருந்து பொடி டப்பாவை எடுத்தார். “‘அவரும் கெடுதல் நினைக்கவில்லை’ங்கிற வரியை யார் எழுதச் சொன்னதுன்னு கேட்டார்” என்றார். டப்பாவைத் திறந்தார்.

சித்திரையில் சூப்பரிண்டெண்டு அவளை அழைத்துக் கேட்டார். கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். பறிமுதல் செய்த பெட்டிகள், அந்த மஞ்சள் துணியோடு அவர் மேசைமேல் இருந்தன.

“இந்தப் பெட்டியில ஏன் பேண்ட்ரோல் ஒட்டலை?”

கோர்ட்டிலிருந்து ஜெயித்து வந்தவள் பேசுகிற மாதிரி அவள் பேசவில்லை. “ஒட்டணும்னு தெரியாம விட்டுட்டேன் ஐயா. சாமிக்குன்னு செய்யிறது சர்க்கார் கணக்குல வராதுன்னு நெனச்சேன். தப்புதான். ஏழு வருஷமா இப்படித்தான் கொண்டு போறோம். நீங்க போன ஆடிப் பெட்டியைத்தான் பிடிச்சீக. முந்தின ஆறு வருஷத்துக்கும் சேத்துக் கேளுங்க.”

பக்கத்தில் இருந்த லட்சுமிகாந்தம் தலையில் கையை வைத்துக்கொண்டார். சூப்பரிண்டெண்டு கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“ஆறு வருஷத்தை நான் கேக்கலை. கேக்காததுக்குப் பதில் சொல்ல வேண்டாம்” என்றார். அபராதம் போட்டார். அது அவளால் தாங்கக்கூடியதாகவே இருந்தது. லைசன்ஸைத் திருப்பிக் கொடுத்தார். வரியைக் கட்டிவிட்டுப் பெட்டிகளையும் எடுத்துப் போகலாம் என்றார்.

அவள் எழுந்திருக்கவில்லை.

“இன்னும் என்னம்மா?”

“சோணைமுத்து…”

“அது வேற பைல்.”

“தெரியும் ஐயா. அவன் பெண்டாட்டிக்குப் பொம்பளைப் பிள்ளை பிறந்திருக்கு. அதைச் சொல்லலாம்னுதான்.”

சூப்பரிண்டெண்டு சன்னல் பக்கம் பார்த்தார். “அவனையும் கூப்பிட்டு, என்ன சொல்றான்னு கேட்டுத்தான் முடிவு பண்ணணும். எனக்கு இப்போ அது நல்லாத் தெரியும்” என்றார். அவர் சிரித்தாரா இல்லையா என்று அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.

சோணைமுத்துவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் பெர்மனென்ட் ஆவது ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று. கடவுள் சில காரியங்களை முழுசாக முடித்துத் தருகிறார். சிலவற்றை ஓரத்தில் கொஞ்சம் கிழிசலோடுதான் தருகிறார். வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த ஆடி முதல் நாளில் இருபத்திரண்டு பெண்களும் வழக்கம்போல் குளித்துவிட்டு வந்தார்கள். கைப்பிள்ளைக்காரிகள் இரண்டு பேரும் தூளியோடு வந்துவிட்டார்கள். அடைத்த பெட்டிகளோடு, போன வருஷம் போகாமல் நின்ற ஒரு குரோஸையும் சேர்த்துப் பரப்பி, குருவம்மாளே பசைக் கிண்ணத்தோடு உட்கார்ந்தாள். ஒவ்வொரு பெட்டியிலும் பேண்ட்ரோல் பட்டையைக் குறுக்கே ஒட்டி விரலால் நீவினாள். “பாத்தீகளாக்கா? காப்புக் கட்டின மாதிரி இருக்கு” என்றாள். “ஆத்தாளே வரி கட்டுறா. இனி எந்த ஜீப்பு மறிக்குதுன்னு பாப்போம்.”

ஜீப் மறிக்கத்தான் செய்தது. அதே இன்ஸ்பெக்டர். மஞ்சள் துணியை விலக்கிப் பார்த்து, சத்தமில்லாமல் மூடிவிட்டு, “எனக்கும் ஒரு பெட்டி கோயில்ல குடுத்துருங்கம்மா. எங்க வீட்டுலயும் மாவிளக்கு ஏத்த அங்க வந்திருக்காங்க” என்று சொல்லி வழிவிட்டார்.

இருக்கன்குடியில் ஆற்று மணலெங்கும் ஜனம். தங்கத்தாய் கோயில் வாசலில் உட்கார்ந்து பெட்டிகளைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் சோணைமுத்து, மொட்டையடித்துச் சந்தனம் பூசின பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து நின்றான். பின்னால் மாவிளக்குத் தட்டோடு இருளம்மாள்.

தங்கத்தாய் பிள்ளையைக் கை நீட்டி வாங்கிக்கொண்டு, அவனிடம் ஒரு பெட்டியை நீட்டினாள். அவன் அதை இரண்டு கையாலும் வாங்கினான். வாங்கினவன் குறுக்கே ஓடிய சர்க்கார் பட்டையைப் பார்த்தபடி அப்படியே நின்றான். ஆறு வருஷம் அந்த ஆபீஸில் இருந்த கை. கிழிக்க வரவில்லை.

“கிழிலே” என்றாள் தங்கத்தாய். “அதுக்குத்தானே ஒட்டியிருக்கு.”

அவன் நகத்தால் மெல்லக் கிழித்தான். பெட்டியைத் திறந்து குச்சியை உரசி, இரண்டு உள்ளங்கையாலும் காற்றை மறைத்துக்கொண்டு, மனைவியின் தட்டை நோக்கிக் குனிந்தான். தங்கத்தாயின் மடியில் இருந்த பிள்ளை, விளக்கு பற்றிக்கொண்டதைப் பார்த்துக் கையை ஆட்டிச் சிரித்தது.